மூணாவது சவுண்டு வண்டி

எங்கண்ணனுக்கும் எனக்கும் ரெண்டு வருசமாப் பேச்சு கிடையாது. மாடி வீட்டுல அவன், கீழ் வீட்டுல அம்மாவும் நானும். ஒரே உலையில வெந்த சோத்தத்தான் திங்கிறோம், ஞாயித்துக்கிழமை ஒரே கோயிலுக்குத்தான் போறோம், ஒரே ஷெட்டுலதான் வேலை பாக்குறோம். ஆனா மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை கிடையாது. இது எத்தனை நாளைக்குன்னு கேக்குறவங்ககிட்ட, அவன் சாகுற வரைக்கும், இல்ல நான் சாகுற வரைக்கும், எது முந்துதோ அதுன்னு சொல்லிருவேன்.

அப்பா பீரோ செஞ்சவர். வடமதுரை போற ரோட்டுல எங்க ஷெட்டு. திண்டுக்கல்ல கல்யாணமான பொண்ணு எவளா இருந்தாலும் எங்க பீரோவத் தொறந்து மூடியிருப்பாம்பார். அதுல பாதி பொய். கடைசியில படுத்த படுக்கையானப்ப ஷெட்ட ரெண்டாப் பிரிச்சு எழுதி வச்சுட்டுப் போய்ச் சேந்தார். கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி எனக்கு. தகடு மடக்குற மெஷின் எம்பக்கம். பெயின்ட்டுப் பவுடர் அடிச்ச சாமானை வேகவைக்கிற அடுப்பு அவம்பக்கம். மடக்காம அவனுக்குப் பீரோ இல்ல. வேகவைக்காம எனக்கு எந்தச் சாமானும் வெளிய போகாது. இப்படிப் பிரிச்சா ரெண்டும் ஒண்ணுமண்ணா இருக்கும்னு நெனச்சிருக்கார். நல்ல மனுசன்தான், புத்தி மட்டும் அம்புட்டுத்தான்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ஷெட்டு, அவ என்ன வெல்டிங் அடிச்சுக் கிழிக்கப்போறாளா"ன்னு அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரங்க முன்னாலயே கேட்டான். அவன் வெல்டிங் பழகுனப்ப பக்கத்துல நின்னு நானும் பழகுனவதான். மூணாம் நாள் நடுவுல தகரத் தடுப்பு அடிச்சான். சாமான் போக வர ஒரு சின்னக் கதவு மட்டும் விட்டான். அன்னைக்கோட பேச்சு நின்னுச்சு.

பேச்சு இல்லைன்னா எங்க ஊர்ல வாய மூடிக்கிட்டு இருப்போம்னு அர்த்தமில்ல. சாடை பேசுவோம். அவன் தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்னு சுத்தியலைப் பாத்துச் சொல்லுவான்: "சில பேருக்கு அடுத்தவன் வேலையக் கெடுத்தாத்தான் மத்தியானச் சோறு எறங்கும்." நான் இந்தப் பக்கம் வாளியப் பாத்துச் சொல்லுவேன்: "சில பேருக்கு அப்பன் சொத்து வேணும், அப்பன் சொன்ன சொல்லு மட்டும் வேணாம்." அவன் தகட்டுல சாக்பீஸ் கோடு போட்டுக் கதவுக்குக் கீழ தள்ளுவான். கோட்டுல மடக்கித் திருப்பித் தள்ளிருவேன். நான் கதவோரத்துல வச்ச சாமான், பவுடர் அடிச்சு வெந்து, மறுநாள் அதே எடத்துல வந்து உக்காந்திருக்கும். கோடு தப்பா இருந்தாலும் நான் கேக்க மாட்டேன். தப்பாவே மடக்கிக் குடுப்பேன்.

நான் செய்யிறது பீரோ இல்ல. சினிமாக்காரங்களுக்குச் சவுண்டு வண்டி. ஷூட்டிங்ல நடிக்கிறவங்க பேசுறத அந்த எடத்துலயே பதிவு பண்ற ஆளுக்குச் சவுண்டு மிக்ஸர்னு பேரு. அவருக்கு முன்னால ஒரு தள்ளு வண்டி நிக்கும். மிக்ஸர் பெட்டி, ரெக்கார்டர், பேட்டரி, மைக்கு வைக்கிற டிராயர், ஏரியல் கம்பம் எல்லாம் அதுலதான். வயக்காடு, கடைத்தெரு, கல்லு மேடுன்னு அவர் போற எடமெல்லாம் அதுவும் போகணும். மெட்ராஸ்ல பல வருசம் ஒரு மிக்ஸர்கிட்ட நான் அசிஸ்டண்டு. அசிஸ்டண்டுன்னு சொல்லிக்கிறது நம்ம பெருமைக்கு, பாத்த வேலை வண்டி தள்ளுறதும் வயர் சுத்துறதும். எம்பேரு அந்தாளுக்குத் தெரியும், ஆனா கூப்பிட மாட்டார். "ஏ ட்ராலி"ம்பார். யூனிட்டே சிரிக்கும். அவரோட வண்டி, யாரோ டிவி ஸ்டாண்டுல சக்கரம் மாட்டிக் குடுத்த கருமம். ஒரு மேட்டுல ஏறாது. ஏறுனா எறங்காது. ஒரு தடவை என் கால் மேலயே எறங்குச்சு, நகம் பேந்து போச்சு. "மிக்ஸர் பெட்டிக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு கேட்டார் அந்தப் புண்ணியவான். இதவிட நல்ல வண்டிய எங்கப்பன் ஷெட்டுல கண்ண மூடிக்கிட்டுச் செய்யலாமேன்னு அன்னைக்குத் தோணுச்சு. அப்பாவைப் பாத்துக்கிற சாக்குல ஊருக்கு வந்தவ, திரும்பிப் போகல.

கண்ண மூடிக்கிட்டெல்லாம் செய்ய முடியலைங்கிறது வேற விசயம். சவுண்டு வண்டிக்கு இருக்குற ஒரே விதி, அது வாயத் தொறக்கக் கூடாது. சக்கரம் கீச்சுங்கக் கூடாது, டிராயர் லொடக்குங்கக் கூடாது, கம்பம் காத்துல பாடக் கூடாது. பீரோன்னா தொறக்குறப்ப ஒரு சத்தம் குடுத்தாத்தான் கனமான தகடுன்னு நம்புவாங்க. ரெண்டும் நேர் எதிர் வேலை. என் முதல் வண்டிக்குக் காத்தடிச்ச டயர் மாட்டுனேன். வடமதுரைப் பக்கம் கருவக்காட்டுல எறக்குன அரை நாள்ல நாலு சக்கரமும் முள்ளு தச்சுப் படுத்துருச்சு, வண்டி திரும்பி வந்துச்சு. ரெண்டாவதுக்குக் கட்டி ரப்பர் சக்கரம் போட்டு, அடியில ஸ்பிரிங் குடுத்தேன். சக்கரம் ஜெயிச்சுச்சு. ஆனா டிராயர் ஓடுறதுக்குப் பீரோவுக்குப் போடுற இரும்புச் சேனலையே போட்டுத் தொலைச்சேன். ரோட்டுல லாரி போனா உள்ள மைக்கெல்லாம் லொடலொடன்னு ஆடுச்சு. அதுவும் திரும்பி வந்துச்சு.

ரெண்டாவது வந்து எறங்குன அன்னைக்கு அண்ணன் வீட்டுல அப்பா போட்டோ முன்னால போய் நின்னான். "யப்பா, உங்க ஷெட்டுல பாதி இப்ப பழைய இரும்புக் கடை ஆயிருச்சு. பாத்துக்கங்க"ன்னான். நான் அம்மாவைப் பாத்து, "போட்டோகிட்டப் பேசுறவனுக்கு எதித்தாப்புல இருக்குற மனுசிகிட்டப் பேசத் தைரியம் கிடையாதாக்கும்"னேன். அம்மா கரண்டியத் தூக்கிக் கீழ போட்டா.

"ரெண்டு கழுதைகளும் கேட்டுக்கங்க. அவ இன்னும் ஒரு வண்டி செய்யட்டும். அதுவும் திரும்பி வந்துச்சுன்னா ஷெட்டுச் சாவிய அவன் கையில குடுத்துரணும். பாதி கீதின்னு பேசக் கூடாது. வரலைன்னா அவன் சாகுற வரைக்கும் அவ பாதியப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. மாதா சாட்சி."

அவன் சரின்னு தலையாட்டுனான், நானும் ஆட்டுனேன். பொட்டப்புள்ளைக்கு நாதி அம்மாதான்னு அதுவரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்பா எழுதிக் குடுத்தத அவ ஒரு கரண்டியில பந்தயமா ஆக்கிட்டா. ராத்திரி சோறு எனக்கு எறங்கல.

அந்த மூணாவது வண்டியக் கேட்டு வந்தது யாருங்கிறீங்க? என்னைய ட்ராலின்னு கூப்பிட்ட அந்த மெட்ராஸ் மிக்ஸரேதான். போன்ல, "ஏ ட்ராலி, நிலக்கோட்டைப் பக்கம் ஷூட்டிங்மா. நீ வண்டியெல்லாம் செய்யிறியாமே. லோக்கல்லதான இருக்க, ஒண்ணு செஞ்சு கொண்டா. ஒத்து வந்தா வச்சுக்கிறேன், இல்லன்னா நீயே தள்ளிட்டுப் போ"ன்னார். வேற சமயமா இருந்தா நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வச்சிருப்பேன். எனக்கு அப்ப அந்த வண்டி வேணும். சரிங்க சார்னேன். சொல்லும்போதே நாக்கு கசந்துச்சு.

ஒரு ஆளப் பிடிக்காதுன்னா அவனப் பத்தி நமக்கு எல்லாம் மனப்பாடமா இருக்கும். அவர் முழங்கை எந்த உசரத்துல நிக்கும், எந்தப் பக்கம் சாஞ்சு உக்காருவார், கோவம் வந்தா எந்த எடத்துல குத்துவார், அம்புட்டும் எனக்குத் தெரியும். அளவெடுக்க ஆளே வரத் தேவையில்ல. மிக்ஸர் பெட்டிய அவர் முழங்கைக்குச் சரியாச் சாய்ச்சு வச்சேன். அவர் குத்துற எடத்துல ரெண்டு தகடு சேத்துப் போட்டேன். டிராயருக்கு நைலான் சேனலு, உள்ள கம்பளித் துணி. எப்பவும் டிபன் டப்பா வைக்கிற எடத்துல வேணும்னே பேட்டரிய வச்சேன். சோத்தத் தரையில வச்சுத் திங்கட்டும்.

கடைசியா எர்த்து. ஜெனரேட்டர்லருந்து கரண்டு எடுக்குறப்ப, வண்டியோட இரும்பு உடம்பு முழுக்க ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு இருக்கணும். பெயின்ட்டு கரண்ட விடாது. இரும்பும் இரும்பும் சேருற எடத்துல நடுவுல பெயின்ட்டு நின்னுச்சுன்னா ஹெட்போன்ல உர்ருன்னு ஒரு சத்தம் ஏறிரும். என் வண்டியில அப்படி ஆறு எடம். ஆறையும் வெள்ளியாட்டம் தேச்சு, அடுப்புச் சூடு தாங்குற பச்ச டேப்பு வாங்கி ஒட்டுனேன். வேகவச்ச பெறகு டேப்ப உரிச்சா அடியில வெறும் இரும்பு இருக்கும், அதுதான் கணக்கு.

இத அவனுக்கு எப்படிச் சொல்ல? எங்கப்பன் ஷெட்டுலருந்து வெறும் இரும்பு தெரிய ஒரு சாமானும் வெளிய போனதில்ல. பீரோவுக்கு முதுகுப்பக்கம் சுவத்தோட ஒட்டி நிக்கும், அங்ககூட ஒரு புள்ளி விடாம அடிப்பாங்க. இரும்பு தெரிஞ்சா துரு, துரு வந்தா மானம் போச்சு. அண்ணனுக்கு அது ரத்தத்துல ஊறுனது. அதனால கதவோரத்துல சாமான வச்சுட்டு வாளியப் பாத்துச் சத்தமாவே சொன்னேன்: "டேப்பு ஒட்டுன எடத்துல பவுடர் படக் கூடாது. பட்டுச்சுன்னா வண்டி செத்துச்சு." தகரத்துக்கு அந்தப் பக்கம் அவன் நிழல் நின்னுச்சு. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பவுடர் அடிக்கிற கம்ப்ரசரப் போட்டுவிட்டான். அந்தச் சத்தத்துல என்ன கேட்டுச்சோ, என்ன கேக்கலையோ.

சாமான் திரும்பி வந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, அவன் அடிச்ச கறுப்பு மாதிரி இந்த ஜில்லாவுல ஒருத்தன் அடிக்க முடியாது. வெளிச்சம் பட்டாலும் மினுங்காத கறுப்பு. ஆறு டேப்பும் உரிச்சுக் கதவுச் சட்டத்துல வரிசையா ஒட்டி இருந்துச்சு. வேகவச்சு உரிச்சுட்டான்னு நெனச்சேன். சேருற எடமெல்லாம் அடித்தட்டுக்குக் கீழ. கைய விட்டு வெரலால தடவித்தான் போல்ட்டு முடுக்கணும், கண்ணு போகாது. அதுக்குள்ள அந்தாளு எங்கருக்க, எங்கருக்கன்னு போன் மேல போன். பேட்டரியில போட்டுக் கேட்டேன், கிணத்துக்குள்ள மாதிரி அமைதி. ஜெனரேட்டர்ல போட்டுப் பாக்க ஷெட்டுல அது கிடையாது.

வண்டிய ஏத்திக்கிட்டுப் போக அவனோட குட்டியானை லோடு வண்டிதான் இருக்கு. அம்மா அவன ஓட்டச் சொல்லிட்டா. திரும்பி வந்தா தானே ஓட்டிக் கொண்டாந்து எறக்கலாம்ல, சந்தோசமாத்தான் வந்தான். முன் சீட்டுல நாங்க ரெண்டு பேரு, நடுவுல டேஷ்போர்டுல மாதா சுரூபம். சின்னாளபட்டி வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கல. அதத் தாண்டுனதும் அவன் மாதாவப் பாத்து ஆரம்பிச்சான்.

"தாயே, அந்த மேற்குப் பாதியில ரெண்டாவதா ஒரு அடுப்பு போடலாம்னு இருக்கேன். நீதான் எடம் ஒதுக்கிக் குடுக்கணும்."

நானும் மாதாகிட்டத்தான் சொன்னேன். "தாயே, அடுத்தவ எடத்துல அடுப்பு கட்டுறவனுக்கு அந்த அடுப்புலயே ஒரு வழி பண்ணு."

"நாக்கப் பாத்தியா தாயே. இந்த நாக்குக்குத்தான் எவனும் கட்டிக்கிட்டுப் போகல."

"இவனக் கட்டிக்கிட்டவ பாதி நாள் அவ அம்மா வீட்டுலயே கிடக்கிறாளே, அது எந்த நாக்குக்குன்னு கேளு தாயே."

கியர அவன் போட்ட போடுல வண்டியே குலுங்குச்சு. பின்னால என் வண்டியிலருந்து ஒரு சத்தம் வரல. அந்தக் கோவத்துலயும் அதக் கவனிச்சேன். கொடைரோடு தாண்டி நிலக்கோட்டை வரைக்கும் எதுக்க பூ ஏத்துன வேனுங்க வந்துக்கிட்டே இருந்துச்சு. அவன் ஒவ்வொண்ணுக்கும் காரணமில்லாம ஹாரன் அடிச்சான்.

ஷூட்டிங் ஒரு மல்லியத் தோட்டத்து ஓரத்துல. எறக்கித் தள்ளுனேன். வரப்பு மேட்டுல ஏறுச்சு, எறங்குச்சு, ஒரு முனகல் இல்ல. மிக்ஸர் வந்தார். மயிரு நரைச்சிருந்துச்சு, மத்தபடி அதே ஆளு. சாப்டியான்னு கேக்கல. உக்காந்தார், முழங்கைய வச்சார், சரியா இருந்துச்சு. சரியா இருக்குங்கிறது அவருக்குப் பிடிக்கலைன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சு. ஜெனரேட்டர் வயரச் சொருகச் சொன்னார். ஹெட்போன மாட்டுனார். செத்த நேரம் கண்ண மூடி இருந்துட்டுக் கழட்டி எங்கையில குடுத்தார்.

"உள்ள குளவி எதுவும் வளக்குறியாம்மா?"

மாட்டிப் பாத்தேன். உர்ருன்னு ஓடுது. ஏரியல் கம்பத்தத் தொட்டேன், சத்தம் மாறுச்சு. கைய எடுத்தேன், பழையபடி உர்ரு. அப்பத்தான் கதவுச் சட்டத்துல ஒட்டியிருந்த அந்த ஆறு டேப்பு கண்ணு முன்னால வந்துச்சு. பச்ச டேப்பு பச்சையாவே இருந்துச்சு. வேகவச்ச பெறகு உரிச்சிருந்தா மேல கறுப்புப் படிஞ்சிருக்கணும்ல. பவுடர் அடிக்கிறதுக்கு முன்னாலயே உரிச்சிருக்கான். ஷெட்டு போச்சு, அதுவும் இவன் கையால போச்சுன்னு நின்னேன்.

திரும்பிப் பாத்தா அவன் லோடு வண்டியோட பின்பலகையில உக்காந்து கடலை உரிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கான். அவன் ஒண்ணும் செய்ய வேணாம். அப்படியே உக்காந்திருந்தாப் போதும், மேற்குப் பாதி தானா அவன் மடியில வந்து விழும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சார், பெயின்ட்டச் சுரண்டணும். அரை மணி நேரம் குடுங்க"ன்னேன்.

"எனக்கு ஷாட் நிக்குதும்மா. தூக்கிட்டுப் போ." கம்பத்த முட்டியால ஒரு தட்டுத் தட்டுனார். "தகரக் கடைக்காரங்ககிட்டப் போனது என் தப்பு. வெளிய அழகா அடிச்சிருக்கீங்க, உள்ள ஒண்ணுத்துக்கும் ஆவாது. உங்கப்பன் பீரோவும் இப்படித்தானா?"

கடலைத் தோல் கீழ விழுந்துச்சு. அண்ணன் எந்திரிச்சான்.

எனக்காக எந்திரிச்சான்னு நெனச்சா என்னையவிட முட்டாள் கிடையாது. நான் அங்க அழுது பொரண்டிருந்தாலும் அவன் அடுத்த கடலையத்தான் உடைச்சிருப்பான். அந்தாளு அப்பாவோட பீரோவச் சொல்லிட்டார், அதுக்காக எந்திரிச்சான். டூல்ஸ் பெட்டியிலருந்து ஸ்பேனரையும் அரத்தையும் எடுத்துக்கிட்டு வந்தான். மிக்ஸரப் பாத்து, "சார், கடிகாரத்தப் பாக்காம ஒரு டீ குடிச்சுட்டு வாங்க"ன்னான். சொன்ன தோரணையில அந்தாளு போயிட்டார்.

அவன் மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில போனான். எங்கிட்ட எதுவும் கேக்கல. முதல் எடம், முன்சக்கரத்து மேல. போல்ட்டக் கழட்டி, அவனே அடிச்ச கறுப்ப அவனே அரத்தால ராவுனான், இரும்பு வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. ரெண்டாவது எடம். மூணாவது. நான் குத்துக்காலிட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். தடவித் தேடல, தட்டிப் பாக்கல, ஒரு எடத்துலகூடத் தயங்கல. அந்தக் கறுப்புக்கு அடியில எது எங்க இருக்குன்னு பாத்தாத் தெரியாது, அம்புட்டு ஒரே சீரா அடிச்சிருந்தான். ஆறாவது, கம்பம் சொருகுற குழிக்குப் பின்னால, ஒரு மூலையில இருக்கு. வெரல மடக்கி விட்டாத்தான் எட்டும். நேரா அங்க போனான்.

டேப்பு எதுக்குன்னு தெரியாம உரிச்சவனா இருந்தா, இங்க வந்து எங்கெங்கன்னு எங்கிட்டக் கேட்டிருப்பான். கேட்டிருந்தா காட்டியிருப்பேன். ரெண்டு வருசத்த விட்டுட்டுப் பேசியிருந்தாலும் பேசியிருப்பேன். இவனுக்குக் கேக்க வேண்டிய தேவையே இல்ல. கம்ப்ரசர் சத்தத்துலயும் நான் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கு. டேப்பு ஒவ்வொண்ணும் எதுக்குன்னு தெரிஞ்சு, ஆறையும் மனசுல வச்சுக்கிட்டு, ஒண்ணொண்ணா உரிச்சிருக்கான். எனக்கு அந்த அரத்தப் புடுங்கி அவன் மண்டையிலயே ஒண்ணு போடலாம்னு வந்துச்சு.

போல்ட்ட முடுக்கிட்டு வெளிய வந்தான். மிக்ஸர் வந்து ஹெட்போன மாட்டுனார். கம்பத்தத் தொட்டார், விட்டார். மறுபடி தொட்டார். தோட்டத்துல பூ எடுக்குற பொம்பளைங்க பேசுறது மட்டும் கேட்டிருக்கும்போல, அந்தப் பக்கம் தலையத் திருப்புனார். "ம்"னார். "வச்சுட்டுப் போங்க." எம்பேரச் சொல்லியும் கூப்பிடல, ட்ராலின்னும் கூப்பிடல. அதுக்கு மேல அந்தாளுகிட்ட எதிர்பாத்தா நம்ம தப்பு.

அண்ணன் அரத்தத் துணியில தொடச்சான். நிமிந்து, ரெண்டு வருசத்துல முதல் தடவையா என் மூஞ்சிக்கு நேராப் பாத்து, "போதுமா?"ன்னு கேட்டான்.

நான் போய் லோடு வண்டியில ஏறி உக்காந்தேன்.

திரும்பி வர்றப்ப அவன் மாதாவப் பாக்கவே இல்ல. என்னையப் பாத்தே பேசுனான். பசிக்குதான்னான். கொடைரோட்டுல நிறுத்தவான்னான். அடுத்த வண்டிக்கு எந்தக் கறுப்பு வேணும்னு கேட்டான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அன்னைக்கிலருந்து தெனமும் தகரக் கதவத் தொறந்து பேரச் சொல்லித்தான் கூப்பிடுறான். மேற்குப் பாதியப் பத்தி ஒரு பேச்சு கிடையாது, சாவி என் இடுப்புலதான் இருக்கு. அம்மா தெனம் ராத்திரி தட்டுல சோத்தப் போட்டுக்கிட்டே, "அவன்தான் எறங்கி வந்துட்டான்லடி, நீயும் ஒரு வார்த்தை பேசேன்"ங்கிறா. அவன் எதித்தாப்புலதான் உக்காந்து எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கான். வெஞ்சனத்த எம்பக்கம் நகத்தி வைக்கிறான். எடுத்துப் போட்டுத் திங்கிறேன்.

இப்ப பேசாம இருக்குறது நான்.